மீன்கடை ஐஸும் அத்தானின் தோடை மரமும்

நான் ஒரு தோடை மரத்துக்கு மூன்று வாரம் மீன்கடை ஐஸ் போட்டவன். இதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் சொந்தக்காரர் யாரை நீங்கள் சந்தித்தாலும், தேத்தண்ணி தருவதற்கு முன்பே இந்தச் செய்தியைத் தந்துவிடுவார்கள். கனடாவில் பிறந்து என்னை நேரில் பார்த்தே இராத பிள்ளைகளுக்குக்கூட நான் ‘ஐஸ் மாமா’தான். (சுதன் என்று ஒரு நல்ல பெயர் எனக்கு உண்டு. பிறப்புச் சான்றிதழில் பத்திரமாக இருக்கிறது.)

அந்தத் தோடை, அதாவது ஆரஞ்சு மரம், என்னுடையது அல்ல, என் அத்தானுடையது. என் ஒரே அக்கா வசந்தியின் புருஷன். மலைநாட்டு நுவரெலியாவில் இருபத்தாறு வருடம் கணிதம் படிப்பித்தவர். அங்கே ஜனவரி மாதத்தில் விடிந்து கதவைத் திறந்தால் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். அந்த உறைபனியில் அத்தான் வைத்த தேசிக்காய், தோடைக் கன்றுகள் மூன்று வருடம் தொடர்ந்து கருகிப் போயின. வேறு யாராவது என்றால் அந்த ஊர் வழக்கப்படி கரட்டைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார்கள். அத்தான் அப்படி விடுகிற ஆள் இல்லை. விடை வராத கணக்கைப் படுக்கைக்குக் கொண்டுபோகிறவர்.

குளிர் தாங்கும் தோடை வேண்டும் என்று அவர் தேடியதில் இரண்டு விஷயங்கள் கிடைத்தன. ஒன்று, மூன்றிலைத் தோடை. அதன் காய் வாயில் வைக்க முடியாத கசப்பு, உடம்பு முழுக்க முள், ஆனால் வேர் பனிக்கு அசையாது. மற்றது, ஓரளவு குளிர் தாங்கும் ஒரு மண்டரின் தோடை. தோல் கையோடு வரும், உள்ளே விதை இருக்காது, அப்படி ஒரு இனிப்பு. முதலாவதின் அடியில் இரண்டாவதின் கிளையை ஒட்டவேண்டும். அத்தான் ஆறு கன்றில் ஒட்டிப் பார்த்து ஆறும் பட்டுப்போய், ஏழாவது பிடித்தது. அதை ஒரு பெரிய சீமெந்துச் சாடியில் வைத்து, பனி மாதத்தில் தன் கம்பளியைக் கொண்டுபோய்ப் போர்த்துவிட்டு வருவாராம். “எனக்கு ஒருநாளும் போர்த்தி விடாத மனுசன்” என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள். (இந்த அடிமரம், ஒட்டு என்கிற விவரமெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது.)

ஒரு டிசம்பரில் அத்தான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, சப்பாத்துக் கழற்றக் குனிந்தவர் நிமிரவில்லை. அந்த வருடத்துப் பழங்கள் அவருடைய செத்தவீடு முடிந்த கிழமையில்தான் பழுத்தன. அக்கா ஒன்றையும் தொடவில்லை. எல்லாவற்றையும் குருவி தின்றது. அதற்குப் பிறகு அவளுக்கு அது ஒரு குறையாக மனதில் நின்றுவிட்டது. அடுத்த டிசம்பரில் ஆண்டுத் திவசம் வரும்போது அந்த மரத்துப் பழத்தைத்தான் படைக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அக்கா செத்தவீட்டில் அழாதவள், ஒன்றைக் கேட்டு அடம்பிடிக்காதவள். அவள் கேட்டது இது ஒன்றைத்தான்.

மே மாதம் டொரன்டோவில் இருக்கும் மகள் அவளைக் கொஞ்ச நாள் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டாள். நுவரெலியா வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. சாடி ஒரு கரட் லொறியில் ஏறி வெள்ளவத்தைக்கு வந்து, கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் நான் தனியாக இருந்த எங்கள் பழைய வீட்டின் பின்வளவில் இறங்கியது. கிளைகளில் பிள்ளைகள் விளையாடும் போளை அளவில் ஒன்பது பச்சைக் காய்கள். அக்கா ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பிறகு கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போக வான் வந்து ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்க, பாஸ்போர்ட்டைத் தேடுகிற நேரத்தில் எனக்குப் பராமரிப்பு விதிகளைச் சொன்னாள்.

“தம்பி, தண்ணி அளவா விடு. உப்புக்காத்து நேர அடிக்க விடாதை. அந்த ஒட்டுக்குக் கீழை ஏதும் துளிர்ச்சா உடனை கிள்ளிப்போடு, அது முக்கியம். விளங்குதோ?”

“ஓம் அக்கா.”

“என்ன சொன்னனான் சொல்லு?”

“எல்லாம் விளங்கீற்று அக்கா, நீங்கள் பாஸ்போட்டைப் பாருங்கோ.”

எனக்கு எதுவும் விளங்கியிருக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் அதிகம் சொன்ன சொல் ‘ஓம்’. அலுவலகத்தில் மேலதிகாரிக்குச் சொல்லியிருக்கிறேன், கடன் அட்டை விற்க வருகிறவனுக்குச் சொல்லியிருக்கிறேன், எனக்குத் தெரியாத சிங்களச் சொல் வரும்போதெல்லாம் ‘ஒவ் ஒவ்’ என்று அதையே மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் மாதம் கொழும்பு எப்படி இருக்கும் என்று கொழும்பில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மழை பெய்யும், ஆனால் வெக்கை போகாது. உடுப்புக் காயாது. சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். அந்த வருடம் எனக்கு வேறு ஒன்றிலும் மனம் போகவில்லை. அத்தான் இல்லை, அக்கா இல்லை, வீட்டில் நான் பேசுவதற்கு ஒரு மரம்தான் இருந்தது. அது இரண்டு கிழமையில் வாடத் தொடங்கியது. இலைகள் உள்பக்கமாகச் சுருண்டன. நான் சாடிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்து யோசித்தேன். இது குளிர் ஊர் மரம். இங்கே வெக்கை. ஆகவே இதற்குக் குளிர் கொடுக்கவேண்டும். இவ்வளவுதான் என் ஆராய்ச்சி. ஒரு கணித ஆசிரியரின் மைத்துனன் இவ்வளவாவது செய்யவேண்டாமா?

முதல் இரண்டு நாள் பிரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டி எடுத்து அடியில் போட்டேன். போதவில்லை. மூன்றாம் நாள் சந்தையில் வழக்கமாக மீன் வாங்கும் கடைக்கார நானாவிடம் போனேன்.

“நானா, கொஞ்சம் ஐஸ் தருவீங்களா?”

“மீன் என்ன வேணும் தம்பி?”

“மீன் வேண்டாம். ஐஸ் மட்டும்.”

நானா கத்தியைக் கீழே வைத்தார். “பார்ட்டியா?”

“மரத்துக்கு.”

“மரத்துக்கா? ஏன், அதுக்கு காய்ச்சலா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் குளிர் ஊர் மரத்தைப் பற்றி நானாவுக்கு விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, “அப்ப பெடரூம்ல ஏசி போட்டு வெச்சா சரிதானே” என்றார். (அதையும் நான் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். சாடி கதவால் போகவில்லை.) கடைசியில் பாவம் பார்த்து, கடை கட்டும் நேரத்தில் மிஞ்சும் ஐஸைப் பையில் அள்ளித் தரத் தொடங்கினார். நான் நாள்தோறும் வேலை முடிந்து, கழுத்துப்பட்டி கட்டியபடி, ஒழுகுகிற பையைத் தூக்கிக்கொண்டு காலி வீதியைக் கடந்து வருவேன். அறக்குளா மீனும் கணவாயும் படுத்து எழும்பிய ஐஸ் அது. செதில் இருக்கும், இரத்தம் இருக்கும், சில நாளில் ஒரு முழு இறாலும் இருக்கும். நான் அதை எடுத்து மரத்தின் அடியில் மெத்தைபோலப் பரப்பிவிடுவேன்.

முதலில் வந்தவை காகங்கள். பிறகு எங்கள் ஒழுங்கையில் உள்ள அத்தனை பூனைகளும், பிறகு பக்கத்து ஒழுங்கைப் பூனைகளும் வந்தன. நான் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து தடியால் விரட்டுவேன். மேல்மாடியில் வாடகைக்கு இருந்த பரா அன்ரி, சுத்த சைவம், பல்கணியில் நின்று சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

“தம்பி, கீழை என்ன கருவாடு போடுறியளோ?”

“இல்லை அன்ரி, மரத்துக்கு மருந்து.”

மூன்றாவது வாரத்தில் இலைகள் கொட்டின. காய்களும் ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசிக் காயைப் பூனை தட்டி விளையாடிக்கொண்டிருந்ததை நான்தான் பிடுங்கி வைத்தேன். மீன்கடை ஐஸில் உப்பு இருக்கும், உப்பு வேரைச் சுடும் என்று எனக்குத் தெரியவில்லை. மேலே வெறும் கிளைகள் நின்றன. நான் ஐஸை நிறுத்திவிட்டேன். அந்தக் கிழமை அலுவலகத்தில் யாருடனும் சரியாகக் கதைக்கவில்லை. அக்கா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டபோதெல்லாம் “சிக்னல் இல்லை” என்று வெட்டிவிட்டேன். உண்மையில் எனக்குப் பயம். அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஓகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மரத்தின் அடியில், மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பச்சையாக ஒரு துளிர் தெரிந்தது. நான் கும்பிட்டுவிட்டேன். (பொய்யில்லை, இரண்டு கையையும் கூப்பி.) அந்தத் துளிர் அப்படி ஒரு வேகத்தில் வளர்ந்தது. இரண்டு கிழமையில் முழங்கால் உயரம், ஒரு மாதத்தில் இடுப்பு உயரம். பழைய இலைகளைப்போல இல்லாமல் ஒவ்வொரு காம்பிலும் மும்மூன்று இலை. தடித்த முள் வேறு. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கொழும்புக்கு வந்தவர்கள் கொஞ்சம் மாறத்தானே செய்வார்கள் என்று நினைத்தேன்.

அக்காவின் அடுத்த அழைப்பை எடுத்தேன். இருட்டத் தொடங்கும் மம்மல் பொழுது. போனைத் தூரத்தில் பிடித்துக் காட்டினேன்.

“ஐயோ தம்பி, என்ன பச்சையாய் நிக்குது! காய் நிக்குதோ?”

“காய் விழுந்திட்டுது அக்கா. ஆனா மரம் நல்லா வந்திருக்கு.”

“பரவாயில்லை. மரம் நிண்டாப் போதும். காய் வாற வருசம் காய்க்கும்” என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அங்கே காலைக் குளிர் என்று சொன்னாள். நான் அன்றிரவு ஒரு முட்டைக் கொத்துரொட்டி வாங்கிச் சாப்பிட்டுக் கொண்டாடினேன்.

செப்டெம்பரில் பரா அன்ரி உடுப்புக் காயப்போட இறங்கி வந்தவர், சாடிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

“தம்பி, இது வில்வம் எல்லோ!”

“இல்லை அன்ரி, தோடை.”

“எனக்கு வில்வம் தெரியாதே? மூண்டிலை, முள்ளு. கொழும்பிலை ஒரு வில்வ இலைக்கு நாங்கள் எங்கையெல்லாம் அலையிறம்.” அவர் செருப்பைக் கழற்றினார். “அண்டைக்கு வெறுங்கொப்பாய் நிண்டது. இண்டைக்குத் தானாய் முளைச்சிருக்கு. உங்கடை அத்தான் கோயிலுக்குப் போறவரோ?”

அத்தான் கோயிலுக்குப் போனது அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் விடுவதற்கு மட்டும். வெளியே நின்று பேப்பர் வாசிப்பார். அதைச் சொன்னேன்.

“பாருங்கோ! உயிரோடை இருக்கேக்கை செய்யாததை இப்ப செய்யிறார்.” பரா அன்ரியின் கண் கலங்கிவிட்டது.

“ஆனா அன்ரி, இது குளிர் ஊர் மரம். வில்வம் எப்பிடி?”

“ஏன், கைலாயம் என்ன வெக்கையோ?”

நானும் செருப்பைக் கழற்றினேன். அடுத்த திங்களிலிருந்து பரா அன்ரி குளித்து முழுகி வந்து, சாடியை மூன்று தரம் சுற்றி, ஒரு தட்டம் நிறைய இலை ஆய்ந்துகொண்டு கோயிலுக்குப் போகத் தொடங்கினார். அவரைப் பார்த்து அடுத்த வீட்டு இரண்டு பேர் வந்தார்கள். நான் விபூதி பூசிக்கொண்டு கேற்றைத் திறந்துவிடும் நிலைக்கு உயர்ந்தேன். மூன்று மாதத்துக்கு முன்னால் மீன் செதில் நாறிய மூலையில் இப்போது ஊதுபத்தி எரிந்தது. எனக்கு வெட்கம் இல்லை. பெருமையாகக்கூட இருந்தது. அத்தானின் மரத்தை நான் சாகவிடவில்லை, சாமியாக்கிவிட்டேன் என்று என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

ஒக்டோபரில் பரா அன்ரிதான் சொன்னார். “தம்பி, உந்தப் பட்ட கொப்பு ஏன் அதுக்குப் பாரமாய் நிக்குது? சத்தையெல்லாம் உறிஞ்சும். வெட்டிவிட்டா வில்வம் கொழுத்து வரும்.” பட்ட கொப்பு என்று அவர் சொன்னது, இலையில்லாமல் நின்ற மேல்மரத்தை. நான் சனிக்கிழமை காலையில் ஒரு அரிவாளை எடுத்து, புதுத் துளிர் கிளம்பிய இடத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்து வெட்டினேன். எளிதில் வரவில்லை. வெட்டின வாயைப் பார்த்தேன். உள்ளே பச்சையாக இருந்தது. ஈரமாக, நல்ல தோடை வாசத்தோடு. ‘பரவாயில்லையே, செத்தும் வாசம் போகவில்லை’ என்று நினைத்தேன். இதை எழுதும்போதுகூட என் காதைப் பிடித்துத் திருகவேண்டும்போல இருக்கிறது. அந்தக் கொப்பைப் பரா அன்ரி தன் பல்கணிச் சாடியில் பயற்றங்காய்க்கொடி படர ஊன்றுவதற்குக் கேட்டார். தூக்கிக் கொடுத்தேன்.

என்னோடு கொழும்புக் கோட்டையில் ஒரே அலுவலகத்தில் வேலை செய்தவள் ஜெசிந்தா. கொட்டாஞ்சேனைக்காரி. அவள் வீட்டு மேல்தட்டில் அவளும் தாயும் தேசி, நாரத்தை, சின்னத் தோடை என்று முப்பது சாடி வளர்க்கிறார்கள். நவம்பர் கடைசியில், சாப்பாட்டு நேரத்தில், அவள் தன் மரங்களைப் போனில் காட்டினாள். நானும் விடுவேனா, என் அற்புதத்தைக் காட்டினேன். கதையையும் முழுவதுமாகச் சொன்னேன். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சோற்றுக் கவளத்தைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள்.

“என்ன மேன் செஞ்சு வெச்சிருக்கீங்க? இது வில்வமும் இல்ல, மண்ணும் இல்ல. இது அடிமரம். காட்டுத் தோடை.”

“அப்ப மண்டரின்?”

“அதத்தானே வெட்டிப் போட்டீங்க.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து, கோடு போட்டு, கீழே ஒரு மரம், மேலே ஒரு மரம், நடுவில் ஒட்டு என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளாவிட்டால் அடிமரம் சாப்பாட்டையெல்லாம் தானே எடுத்துக்கொள்ளும், மேல்மரம் பட்டினி கிடக்கும். இலை கொட்டினால் மரம் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. நகத்தால் தோலைச் சுரண்டினால் பச்சை தெரியும், தெரிந்தால் உயிர் இருக்கிறது. அக்கா வானுக்கு ஓடுகிற அவசரத்தில் சொன்ன ஒரு வரி அப்போதுதான் எனக்குக் கேட்டது. ஆறு மாதம் பிந்தி.

“சரி, இப்ப என்ன செய்யலாம்?”

“அடி நல்லா இருக்கு. திரும்ப ஒட்டலாம். நானே ஒட்டித் தாறேன். ஆனா அந்த மரத்துக் குச்சியே வேணும். பென்சில் நீளம் போதும், பச்சையா இருக்கணும்.” பிறகு, “பழத்து வித ஏதும்?” என்றாள்.

விதையில்லாத பழம். நுவரெலியாவில் வேறு மரமும் இல்லை. அத்தான் எங்கிருந்து அந்தக் கிளையைக் கொண்டுவந்தார் என்று அவருக்குத்தான் தெரியும். நான் அரைநாள் லீவு போட்டுவிட்டு பஸ்ஸில் வந்தேன். காலி வீதி நெரிசலில் பஸ் நின்றபோது இறங்கி ஓடினேன். அவ்வளவு நாளும் பல்கணியில் நின்ற கொப்புக்கு அந்தப் பத்து நிமிடத்தில் ஏதோ ஆகிவிடும் என்பதுபோல ஓடினேன்.

பரா அன்ரியின் பயற்றங்கொடி அதன்மேல் ஏறி, பூத்து, முழ நீளத்தில் காய்த்துத் தொங்கியது. நான் கொடியை விலக்கிவிட்டு, நகத்தால் சுரண்டத் தொடங்கினேன். மேலே கபிலம். அதற்குக் கீழே கபிலம். ஒவ்வொரு விரற்கடைக்கும் ஒரு இடம் சுரண்டினேன். நகம் கிழிந்தது. பரா அன்ரி குசினியிலிருந்து வந்து பார்த்தார்.

“என்ன தம்பி தேடுறியள்?”

“பச்சை, அன்ரி.”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருந்து மறுபக்கத்தைச் சுரண்டினார். இரண்டு பேரும் அந்தக் கொப்பை முழுக்கச் சுரண்டி முடித்தோம். எங்கும் பச்சை இல்லை. இது வில்வம் அல்ல என்று அப்போது அவருக்குச் சொன்னேன். அவர் விரலை மடக்கி எண்ணினார். பதினொரு திங்கட்கிழமை. “சிவன் என்ன நினைச்சிருப்பார்?” என்றார். போகும்போது எனக்கு ஒரு கட்டுப் பயற்றங்காய் பிடுங்கித் தந்தார். வேண்டாம் என்று சொல்லவும் எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

அக்கா வருவதற்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் நான் ஒரு பொய்யைத் தயாரித்தேன். ‘வெக்கையில் மேல்மரம் செத்துவிட்டது, செத்த பிறகுதான் வெட்டினேன்.’ குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன், பஸ்ஸில் சொல்லிப் பார்த்தேன், கண்ணாடியில் முகத்தைக் கொஞ்சம் சோகமாக வைத்துச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் எடுத்திருக்கலாம்.

டிசம்பரில் ஒரு மத்தியானம் அக்கா வந்து இறங்கினாள். மெலிந்திருந்தாள். சூட்கேஸை வானில் விட்டுவிட்டு, கைப்பை தோளில் தொங்க, நேரே பின்வளவுக்குப் போனாள். நான் பின்னால் போனேன். தூரத்திலிருந்து பச்சையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததைக் கண்டேன். நாலைந்து அடி வைத்ததும் அது மாறியதையும் கண்டேன். நுவரெலியாவில் அவள் எத்தனை தரம் அந்த மும்மூன்று இலையைக் கிள்ளி எறிந்திருப்பாள். கிட்டப் போய்க் குந்தி, முள்ளை விலக்கி, வெட்டின இடத்தில் விரலை வைத்தாள். அந்த இடத்துக்கு மேலேதான் அத்தான் ஒட்டும்போது பொலித்தீன் கீலத்தால் சுற்றிக் கட்டிய தழும்பு இருந்தது. இப்போது எஞ்சியது வட்டமாக ஒரு காய்ந்த வாய்.

நான் தயாரித்ததைத் தொடங்கினேன். “அக்கா, இஞ்சத்தை வெக்கை…”

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. “வெட்டேக்கை உள்ளை பச்சையாய் இருந்ததோ?”

நாடகமும் அரங்கியலும் எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

“ஓம்” என்றேன்.

அக்கா எழும்பி, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். “சரி. நான் குளிச்சிட்டு வாறன்” என்றாள். குளியலறைக் குழாய் வெகுநேரம் ஓடியது. மேல்தொட்டியில் தண்ணி முடிந்து குழாய் நின்ற பிறகும் அவள் வெளியே வரவில்லை. அந்தச் சத்தம் நின்றபோதுதான் உள்ளே அவள் அழுவது கேட்டது. செத்தவீட்டில் அழாததையும் சேர்த்து அழுதாள். நான் கதவுக்கு வெளியே துவாயோடு நின்றேன். தட்டவும் பயம், போகவும் மனம் வரவில்லை. அதைவிடக் கேவலமாக நான் ஒரு இடத்திலும் நின்றதில்லை.

இரண்டு நாள் கழித்துத் திவசம். படையலுக்குக் காலி வீதிக் கடையில் மண்டரின் வாங்கினோம். ஒவ்வொரு பழத்திலும் ஒரு ஸ்டிக்கர். அக்கா விளக்கடியில் இருந்து ஒவ்வொன்றாக அதை உரித்தெடுத்தாள். சொந்தக்காரர் இருபது பேர் வந்திருந்தார்கள். ஐயர் போய், இலை போட்டு, எல்லாரும் சாப்பிட இருந்தபோது, வயதான சித்தப்பா ஒருவர் சோற்றைப் பிசைந்தபடி பெரிய குரலில் கேட்டார்.

“பிள்ளை வசந்தி, உன்ரை மனுசன்ரை தோடைப்பழம் படைக்கிறதெண்டு சொன்னாய். மரம் எங்கை?”

நான் சட்டியும் கரண்டியுமாகப் பக்கத்தில் நின்றேன். எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா சொன்னாள்.

“கொழும்பு வெக்கை, சித்தப்பா. குளிருக்குப் பழகின மரம், வெக்கையிலை பட்டுப்போச்சு.” பிறகு என் கையிலிருந்த கரண்டியை வாங்கி, சித்தப்பாவின் இலையில் கறியைப் போட்டபடி, “தம்பி பாவம், என்னவெல்லாம் செய்து பாத்தவன். மீன்கடையிலை ஐஸ் வாங்கியெல்லோ போட்டவன்!” என்றாள்.

சித்தப்பாவுக்குப் புரையேறியது. பந்தி முழுக்கச் சிரித்தது. ஒரு வருடமாக அந்தக் குடும்பத்தில் யாரும் அப்படிச் சிரிக்கவில்லை. பரா அன்ரி பூனைகளைப் பற்றிச் சொன்னார், வில்வத்தைப் பற்றித் தானே சொல்லித் தன்னையே சிரித்துக்கொண்டார். அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்தக் கதை.

அந்த அடிமரம் இன்னும் பின்வளவில் நிற்கிறது. சாடியை உடைத்து மண்ணில் இறக்கிவிட்டேன். காய்த்ததில்லை, பூத்ததும் இல்லை, அதற்கு ஒரு குளிர்காலமாவது வேண்டுமாம். ஜெசிந்தா வேறொரு நல்ல தோடையைக் கொண்டுவந்து ஒட்டித் தருவதாகச் சொன்னாள். அக்கா “வேண்டாம் பிள்ளை, இருக்கட்டும்” என்றுவிட்டாள். இப்போது அக்கா என்னோடுதான் இருக்கிறாள்.

வருடத்தில் நாலு தரமாவது, கல்யாண வீட்டிலோ பெண்பிள்ளையின் சாமத்திய வீட்டிலோ, யாராவது “அந்த ஐஸ் கதையைச் சொல்லுங்கோ” என்று கேட்பார்கள். அக்காதான் நன்றாகச் சொல்லுவாள். நானாவின் குரலில் பேசுவாள், நான் பை ஒழுக ஒழுக வீதி கடப்பதை நடந்தே காட்டுவாள், ஒவ்வொரு வருடமும் பூனைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவாள். கடைசியில் யாராவது ஒரு சின்னப்பிள்ளை, “பிறகு மரத்துக்கு என்ன நடந்தது?” என்று கேட்கும். “வெக்கையிலை பட்டுப்போச்சு” என்று அக்கா சொல்லுவாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் என் பக்கம் பார்ப்பதில்லை. இத்தனை வருடத்தில் ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை.

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டு, “ஓம், அந்த வருசம் சரியான வெக்கை” என்று சொல்லுவேன்.